உங்கள் பெயர் வைரலானால்: முதலில் சேமியுங்கள், பிறகு பேசுங்கள்

"அண்ணே, இத பாத்தீங்களா?" என்று யாராவது ஒரு லிங்க்கை அனுப்பும்போதுதான் பெரும்பாலும் விஷயமே தெரியவரும். செந்தூலில் கோயில் கணக்கு, பிரிக்பீல்ட்ஸில் சொன்ன தேதிக்கு பிளவுஸ் தைத்துக் கொடுக்காத கடை, பட்டர்வொர்த்தில் கல்யாணச் சாப்பாடு கெட்டுப்போனதாகச் சொல்லப்படும் கேட்டரிங் என்று காரணம் எதுவானாலும் அடுத்த பத்து நிமிஷத்தில் நடப்பது ஒன்றுதான். கை பதற, அந்தப் பதிவுக்குக் கீழேயே போய்ப் பதில் போடுவார்கள். அடுத்து, பதிவு போட்டவருக்கே போன் செய்து "மரியாதையா அழிச்சிடு" என்பார்கள். இந்த இரண்டையும் இன்று செய்யாதீர்கள்.

மிரட்டலுக்குப் பயந்து அவர் அழித்துவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. பார்த்த 3,000 பேருக்கு நினைவு இருக்கும், வழக்குக்கோ புகாருக்கோ காட்ட ஆதாரம் இருக்காது.

ஆதாரம் எடுப்பது எப்படி

வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. அதில் பெயரும் படமும் தெரியும், ஆனால் பேஸ்புக்கில் அந்த இரண்டையும் மாற்ற ஒரு நிமிஷம் போதும். பதிவில் பெயருக்குக் கீழே சிறியதாக நேரம் இருக்குமே, அதைத் தட்டினால் பதிவு தனிப் பக்கமாகத் திறக்கும். அந்தப் பக்கத்தின் முகவரியை முழுதாக நகலெடுங்கள். போட்டவரின் சுயவிவரப் பக்க முகவரியையும் தனியாக எடுங்கள். பிறகு போனில் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கைப் போட்டு, அவருடைய பக்கத்தில் தொடங்கி, பதிவுக்கு வந்து, கமெண்டுகளைக் கடைசி வரை மெதுவாக உருட்டுங்கள். எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்ற எண் தெரியவேண்டும். போனின் தேதியும் நேரமும் தெரியவேண்டும். எதையும் வெட்டாதீர்கள், மேலே வட்டம் போட்டுக் குறிக்காதீர்கள். குறித்துக் காட்ட வேண்டுமானால் தனிப் பிரதியில் செய்யுங்கள்.

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். டிக்டாக் லைவ் ஓடும்போதே பதிவு செய்யாவிட்டால் பிறகு கிடைக்குமென்று நம்பக் கூடாது. வாட்ஸ்அப் குரல்பதிவாக இருந்தால், எந்தக் குழு, யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்பது தெரியும்படி எடுங்கள். அனுப்பியவரின் எண் தெரியும் குழு விவரப் பக்கத்தையும் எடுத்து, பிறகு அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். மூலக் கோப்பு இருக்கும் போனை விற்காதீர்கள், டிரேட்-இன் செய்யாதீர்கள். கணினியிலிருந்தோ போனிலிருந்தோ அச்சிட்ட ஆவணத்தை நீதிமன்றம் ஏற்பதற்கு மலேசியாவின் 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவில் தனி விதியே இருக்கிறது. அந்த வேலையை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார், ஆனால் மூலம் உங்களிடம் இருக்கவேண்டும்.

தமிழில் வந்த அவதூறுக்கு இன்னொரு கவனம். வழக்கு என்று போனால் சொன்ன வார்த்தைகளை அப்படியே தமிழில் எழுதி, மொழிபெயர்ப்பும் இணைக்கவேண்டும். அதனால் எழுத்துப் பிழையைத் திருத்தி நகலெடுக்காதீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தாலும் ஓர் எழுத்து மாறாமல் இருக்கட்டும். "ஏமாத்திட்டான்" என்பதற்கும் "ஏமாத்துக்காரன்" என்பதற்கும் அர்த்தம் வேறு. முதலாவது ஒரு சம்பவம், இரண்டாவது ஆளின் குணம்.

குடும்பத்துக்கு வெளியே உள்ள இரண்டு பேர் அந்தப் பதிவைப் பார்த்தார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அவதூறு வழக்கில் நிரூபிக்க வேண்டியவை மூன்று: சொன்னது பெயரைக் கெடுப்பது, அது உங்களைக் குறிப்பது, மூன்றாம் ஆள் ஒருவரிடமாவது போய்ச் சேர்ந்தது. பெயர் போடாமல் "மார்க்கெட் பக்கத்து மஞ்சள் போர்டு கடை" என்று எழுதியிருந்தாலும், படித்தவருக்கு நீங்கள்தான் என்று புரிந்தால் இரண்டாவது நிறைவேறிவிடும். "இது உங்க கடைதானே?" என்று கேட்டு வந்த மெசேஜ்களை அதனால் அழிக்காதீர்கள்.

குற்றச்சாட்டை வரிவரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். உண்மை, பொய், கருத்து. "சாப்பாடு வாய்ல வைக்க முடியல" என்பது கருத்து, அதோடு சண்டை போட முடியாது. "200 பேருக்குப் பணம் வாங்கி 140 பேருக்குத்தான் சாப்பாடு கொண்டுவந்தாங்க" என்பது உண்மையா பொய்யா என்று ரசீதைப் பார்த்தால் தெரிந்துவிடும். "எல்லாருக்கும் இப்படித்தான் செய்றாங்க" என்பது பொய்ப் பத்திக்குப் போகலாம்.

உண்மைப் பத்தியில் ஏதாவது விழுந்தால், அதை முதலில் தீருங்கள். 1957-ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தில் உண்மை ஒரு முழுத் தற்காப்பு. தான் சொன்னது உண்மை என்று சொன்னவர் நிரூபித்துவிட்டால் உங்கள் வழக்கு அங்கேயே முடிந்தது. 60 பேருக்குச் சாப்பாடு குறைந்தது நிஜமானால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிகைப்படுத்தியதை மட்டும் மறுங்கள். வாடிக்கையாளர் ஒத்துவராவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது, அங்கே போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள். 50,000 ரிங்கிட் வரை அங்கே கேட்கலாம், மனுவுக்கு 5 ரிங்கிட்தான் கட்டணம். "வாங்க, நடுவர் முன்னாடி பேசிக்குவோம்" என்று ஒரு கடைக்காரர் பொதுவில் சொல்வது, நூறு கமெண்டுக்குப் பதில் சொல்வதைவிட நன்றாக எடுபடும்.

ஒரே ஒரு பதில்

பதில் சொல்லவேண்டுமா என்பதே முதல் கேள்வி. 40 பேர் உள்ள குழுவில் ஒருவர் புலம்பியதற்கு, 2,000 பேர் பார்க்கும் உங்கள் பக்கத்தில் விளக்கம் போட்டால் மீதி 1,960 பேருக்கு நீங்களே செய்தி சொன்னதாகிவிடும். எந்த இடத்தில் குற்றச்சாட்டு வந்ததோ அந்த இடத்தில் மட்டும் பதில் சொல்லுங்கள். பகிர்வு ஓரிரண்டோடு நின்றுவிட்டால் பொதுப் பதிலே வேண்டாம். கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னால் போதும்.

கோயில் பொருளாளர் ஒருவர் மேல், திருவிழா வசூலில் 20,000 ரிங்கிட் காணவில்லை என்று ஒரு குரல்பதிவு சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி பதினோரு மணிக்குக் கோபத்தில் எழுதும் பதில் இப்படித்தான் இருக்கும்:

"நான் திருடன் இல்ல! எங்கம்மா டயாலிசிஸ்ல இருக்கும்போதுகூட கோயிலுக்கு ஓடியாந்தேன். கொஞ்ச பணம் ரெண்டு வாரம் வீட்ல இருந்துச்சு, அவ்ளோதான், அப்புறம் கட்டிட்டேன். உண்மையான திருடன் யாருன்னு முன்னாள் தலைவர கேளுங்க!"

நாலு வரியில் நாலு கேடு. "திருடன்" என்ற சொல்லை அதுவரை அந்தக் குரல்பதிவில்கூட யாரும் சொல்லவில்லை, இவரே சொல்லிவிட்டார். அம்மாவின் நோயை ஊருக்கு அறிவித்துவிட்டார். பொதுப் பணம் இரண்டு வாரம் வீட்டில் இருந்ததென்று எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார். நாளை போலீஸ் கையில் இருக்கப்போவது இந்த வரிதான். கடைசி வரியால், அதுவரை வாதியாக இருக்கக்கூடியவர் முன்னாள் தலைவருக்குப் பிரதிவாதியாகிவிட்டார்.

அதே ஆள் மறுநாள் காலையில் எழுதவேண்டியது:

"வணக்கம். இந்த வருஷத் திருவிழா வசூல் முழுவதும் கோயிலின் வங்கிக் கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. வசூல் நோட்டும் வங்கி அறிக்கையும் அலுவலகத்தில் உள்ளன. உறுப்பினர்கள் வரும் ஞாயிறு காலை 10 முதல் 12 மணி வரை நேரில் வந்து பார்க்கலாம், செயலாளரும் உடனிருப்பார். சுற்றும் குரல்பதிவில் சொல்லப்படும் தொகைக் கணக்கு சரியல்ல. இதுபற்றி இந்தக் குழுவில் மேற்கொண்டு எழுதமாட்டேன்."

உண்மை முன்னால் வருகிறது, குற்றச்சாட்டு பின்னால், அதுவும் பெயர் சொல்லாமல். பார்க்க ஓர் இடமும் நேரமும் கொடுத்தாயிற்று. கடைசி வரியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம், "ஏன் பதில் சொல்லல, பயமா?" என்று வரும். சொல்லாதீர்கள். இதை அனுப்புவதற்கு முன் எழுதியவரைத் தவிர இன்னொருவர் படிக்கவேண்டும், அந்த இன்னொருவர் உங்கள் மேல் பாசம் குறைந்தவராக இருந்தால் நல்லது. அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தாள் இருக்கிறதா என்று மட்டும் அவர் பார்க்கட்டும். சங்கமாகப் பதிவான கோயில் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்குக் கணக்கு போயிருக்கவேண்டும். அது போகாமல் இருந்தால், பதிலுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

கூட்டுப் பணத் (சீட்டுப் பணத்) தகராறில் மாட்டியவர்களுக்குத் தனி எச்சரிக்கை. "கூட்டு நான் ஒழுங்காத்தான் நடத்துறேன், யாருக்கும் பாக்கியில்ல" என்று எழுதாதீர்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதே 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. பணமோசடிப் புகாரை மறுக்கப்போய் வேறு குற்றத்துக்கு வாக்குமூலம் கொடுத்ததாகும். இங்கே வழக்கறிஞரைப் பார்க்கும்வரை வாயைத் திறக்கவே கூடாது.

தற்காக்கும்போது கசிவது

வெளியே போகும் அந்தரங்கத்தில் பெரும்பங்கை நாமே கொடுக்கிறோம், "ஆதாரம் பாருங்க" என்ற பெயரில்.

போலீஸ் ரிப்போர்ட்டைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அந்தத் தாளில் உங்கள் ஐ.சி. (அடையாள அட்டை) எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். ரிப்போர்ட் எண், நிலையத்தின் பெயர், தேதி ஆகிய மூன்றைத் தட்டச்சு செய்து போட்டால் போதும்.

ஐ.சி. எண்ணில் "கடைசி நாலு எண்ணை மட்டும் மறைச்சேனே" என்பார்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். 07 என்றால் பினாங்கு, 14 என்றால் கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றையென்றால் ஆண், இரட்டையென்றால் பெண். பாதி எண்ணே நிறையப் பேசும், முழுவதையும் மறையுங்கள். மறைக்கும்போது மார்க்கர் பேனாவால் தேய்க்காதீர்கள். போனில் உள்ள மார்க்கர் சற்றே ஒளி ஊடுருவும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் உள்ள எண் எழுந்து நிற்கும். முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, அந்தப் படத்தை மறுபடி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, இரண்டாவதைத்தான் அனுப்பவேண்டும்.

வங்கி ரசீது இன்னொரு ஓட்டை. கைப்பேசி எண் ஒன்று தெரிந்தால், டூயிட்நௌவில் பணம் அனுப்புவதுபோல் அந்த எண்ணைப் போட்டுப் பதிவான பெயரைப் பார்த்துவிடலாம். ஆகவே ரசீதில் தெரியும் மூன்றாம் ஆளின் எண்ணையும் மறையுங்கள். வாடிக்கையாளரோடு நடந்த உரையாடலைப் போடும்போது அவருடைய முகவரி, பிள்ளை பெயர், உடல்நிலை எதுவும் தெரியக் கூடாது. உங்கள் மேல் வந்த புகாருக்கு அவருடைய தகவலைப் பரப்பினால் புகார் இரண்டாகும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த இடத்தின் விவரம் நீங்கிவிடும். "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் கோப்போடு சேர்ந்து போகும். பிள்ளையின் பள்ளிச் சீருடை, கார் எண், வீட்டு வாசல் இவை பின்னணியில் இருக்கும் பழைய படங்களை முதல் நாளே மறையுங்கள். பேஸ்புக் அமைப்பில் பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே தடவையில் "நண்பர்கள் மட்டும்" ஆக்கும் வசதி இருக்கிறது. நண்பர் பட்டியலையும் மூடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் அத்தை வரைக்கும் லிங்க் போகும். வாட்ஸ்அப்பில் படமும் "கடைசியாகப் பார்த்தது"ம் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும், குழுவில் சேர்க்கும் உரிமையும் அவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண்ணையும் போட்டுவிடுங்கள், ஏனென்றால் பெயர் அடிபடும் நேரத்தில்தான் கணக்கைப் பிடுங்கப் பார்ப்பார்கள்.

வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் கவனிக்க: எஸ்எஸ்எம் (நிறுவனங்களையும் வணிகங்களையும் பதியும் ஆணையம்) பதிவு விவரத்தைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வீட்டு முகவரியில் பதிந்திருந்தால் கோபக்காரர் வாசலுக்கே வரமுடியும். வேறு வணிக முகவரிக்கு மாற்றுவதை இது முடிந்த பிறகாவது செய்யுங்கள்.

எங்கே புகார் செய்வது

முதலில் அந்தத் தளத்திலேயே புகார் பொத்தான். கோபப்பட்டு "பொய்" என்று எழுதினால் பலன் குறைவு. தொல்லை கொடுத்தல், ஆள்மாறாட்டம், தனிப்பட்ட தகவலை வெளியிடுதல் என்று எது பொருந்துகிறதோ அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள். ஐ.சி. எண்ணோ வீட்டு முகவரியோ அந்தப் பதிவில் இருந்தால், அவதூறு என்று புகார் செய்வதைவிட அந்தரங்கத் தகவல் என்று புகார் செய்தால் சீக்கிரம் நீங்க வாய்ப்பு அதிகம். உண்மை எது பொய் எது என்று தளம் விசாரிக்க வேண்டியதில்லையே.

பிறகு எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்), எண் 1-800-188-030. அவர்களே அழித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். தளத்தில் புகார் செய்தீர்களா, போலீஸ் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

போலீஸ் ரிப்போர்ட்டை எந்த பாலாயிலும் (போலீஸ் நிலையத்திலும்) கொடுக்கலாம், வீட்டுப் பக்கத்து நிலையம்தான் என்றில்லை. ரிப்போர்ட் மலாயில் எழுதப்படும். கையெழுத்துப் போடும் முன் கணக்கின் பெயர், லிங்க், தேதி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று படியுங்கள். லிங்க்கில் ஓர் எழுத்து தவறினால் விசாரணை அதிகாரிக்கு எதுவும் திறக்காது. அச்சிட்ட ஸ்க்ரீன்ஷாட்டுகளை எடுத்துப்போங்கள்.

இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் வரும். தண்டனைச் சட்டத்தின் 500-ஆவது பிரிவின் கீழ் அவதூறு இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்தான். ஆனால் போலீஸ் தானாக எடுத்து விசாரிக்கக்கூடிய வகையில் அது வராது. அரசு வழக்கறிஞரின் உத்தரவு வேண்டும். "இது சிவில் கேஸ், லாயரைப் பாருங்க" என்று சொல்வதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. மிரட்டல், விடாத வசை, முகவரி வெளியிடுதல் இருந்தால் அதை முன்னால் சொல்லுங்கள். 2024-இல் இணைய வசைக்கு ஆளான ஒரு பெண் கோலாலம்பூரில் உயிரை மாய்த்துக்கொண்டார். வசை பாடியவர்களில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. துன்புறுத்தும் நோக்கத்தோடு அடையாளத் தகவலைப் பரப்புவதும் இவற்றில் அடங்கும். தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவில் உச்ச அபராதம் 2025 பிப்ரவரியில் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆனது. நீங்கள் பதிலுக்கு வசை பாடினால் அதே பிரிவு உங்களையும் பார்க்கும்.

உங்கள் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்கு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவின்படி, யாருடைய பெயரும் படமும் உரிமையாளராகவோ நிர்வாகியாகவோ தெரிகிறதோ அவரே வெளியிட்டவர் என்று முதலில் அனுமானிக்கப்படும். இல்லை என்று காட்டவேண்டியது நீங்கள். தெரிந்த அன்றே கொடுத்த ரிப்போர்ட்தான் அதற்குக் கை கொடுக்கும். வாட்ஸ்அப் குழு அட்மின்களும் இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் தொகை கூடும். அப்படிப்பட்ட படங்கள் பரவாமல் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற இணையச் சேவையில் படத்தின் எண்முறை முத்திரை மட்டும் உருவாகும், படம் உங்கள் போனை விட்டுப் போகாது. பங்கேற்கும் தளங்கள் அந்த முத்திரையைப் பார்த்துத் தடுக்கும்.

லாயர் லெட்டர்

இதில் சொல்லப்பட்ட வார்த்தைகள் அப்படியே இருக்கும். பதிவை நீக்கு, மன்னிப்புக் கேள், மறுபடி சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடு என்று கோரி, வழக்கமாக 7 அல்லது 14 நாள் கெடு கொடுப்பார்கள். அனுப்பும் முன் ஒரு கேள்வி: கெடு முடிந்தும் அசையவில்லையென்றால் வழக்குப் போடப் பணமும் பொறுமையும் இருக்கிறதா? இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள், வெற்றுக் கடிதம் என்று தெரிந்துவிட்டால் அதையே படமெடுத்துப் போட்டுச் சிரிப்பார்கள். நீங்களும் அந்தக் கடிதத்தைப் பொதுவில் போடவேண்டாம், மறந்தவர்களுக்கும் நினைவூட்டும்.

வழக்கில் கேட்கக்கூடிய தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் வரம்பு 100,000 ரிங்கிட், செஷன்ஸில் 10 லட்சம். இவை உச்ச வரம்புதான், கிடைக்கப்போகும் தொகை அல்ல. பெரும்பாலான தகராறுகளுக்கு ஏற்ற முடிவு, எழுதி வாங்கிய மன்னிப்பும் நீக்கமும்தான். மன்னிப்பின் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். எந்தப் பதிவு, எந்தத் தேதி, எந்த வரி தவறு, எத்தனை நாள் அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று இருக்கட்டும். "யாராவது மனம் புண்பட்டிருந்தால்" என்று தொடங்கும் மன்னிப்பை ஏற்காதீர்கள், அதில் எதுவும் திருத்தப்படவில்லை.

இத்தனைக்கும் நடுவில் போனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள். கமெண்டுகளைப் படித்துச் சொல்லத் தம்பியோ தங்கையோ போதும். தாங்கமுடியாமல் போனால், மனம் விட்டுப் பேச உதவும் பெப்ரண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 எண்ணில் 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகும் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் அவதூறு வழக்குக்கான காலவரம்பு ஆறு வருஷம். அது உங்களுக்கும் பொருந்தும், நீங்கள் அன்று கோபத்தில் எழுதி அழித்த கமெண்டை எடுத்து வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.